குறுக்கே பேசக்கூடாத பாட்டு

மர்ஸூக்குக்கு நாற்பது வீட்டுப் பாட்டன்மார் பெயர் தலைகீழாகத் தெரியும். வீட்டுக்கு ஏழு பேர். யார் கிணறு வெட்டினார், யார் மக்காவுக்கு நடந்தே போனார், யார் பிரெஞ்சுக்காரனுக்கு வரி கட்டமாட்டேன் என்று மலையில் போய் உட்கார்ந்தார், எல்லாம் தாளத்தோடு வரும். தன் வீட்டுக்கு மட்டும் இரண்டோடு நின்றுவிடும். அப்பா ஸஅத், தாத்தா மெஸ்ஊத். அதற்கு மேலே இருந்தவரைப் பாலைவனத்தின் அந்தப் பக்கத்திலிருந்து ஒட்டகங்களோடு சேர்த்து ஓட்டிவந்தார்கள் என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது.

அவருடைய காகிதத்தில் 'மர்ஸூக், ஸூவேலம் வீட்டு விடுதலையாள்' என்று போட்டிருக்கும். துனீசியாவில் அடிமை முறை ஒழிந்து நூற்றெழுபது வருஷத்துக்கு மேலே ஆகிறது. விட்டவன் பெயர் விடப்பட்டவனோடு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மெதனீன் பக்கத்து அந்த ஊரில் பாதி நிலமும் ஆலிவ் தோட்டமும் ஸூவேலம் வகையறாவுடையது. அந்தப் பெயரை வெளுத்தவன் சொன்னால் கடைக்காரன் எழுந்து நிற்பான். கறுத்தவன் சொன்னால், 'யாரு வீட்டு ஆளு நீ?' என்று திரும்பக் கேட்பான்.

எங்கள் பக்கம் கல்யாணம் என்றால் கறுப்பர் மேளம் வந்தாக வேண்டும். மணப்பெண்ணின் ஒட்டகத்துக்கு முன்னால் ஆடிப் பாடிக்கொண்டு போவார்கள், மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்று அந்த வீட்டைப் புகழ்வார்கள். கடைசிப் பந்தி முடிந்தபிறகு மிச்சம் இருக்கும் குஸ்குஸை மாட்டுக்கொட்டகைப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மர்ஸூக் பதிமூன்று வயதில் இந்தக் கூட்டத்தோடு சேர்ந்தார். அப்பா பாடினார், மகன் பாடினார், வேறு என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. அறுபது வயதில் அவர்தான் கூட்டத்துக்குத் தலைவர். கீழே ஐந்து பேர். அதில் பெரிய மேளம் அடிக்கிற ஜும்ஆ அவருக்கு ஒன்றுவிட்ட தம்பி.

மேளத்துக்கு இரண்டு சட்டம் உண்டு. எங்கும் எழுதிவைத்ததில்லை, மீறியவனும் கிடையாது. பாட்டின் நடுவே சபையிலிருந்து ஒருவர் "இன்னும் போடு, மர்ஸூக்!" என்று குரல் கொடுத்தால் அடுத்த அடி அவர் பெயரில்தான் விழவேண்டும். கொடுத்த குரலை விட்டுவிட்டு மேலே போனால், நாலு பேர் முன்னால் அவரைச் செருப்பால் அடித்த மாதிரி. இது ஒன்று. மாப்பிள்ளையின் ஏழு பாட்டன்மாரைச் சொல்லும்போது மட்டும் யாரும் வாய் திறக்கக்கூடாது, மேளம்கூட நிற்கவேண்டும். குறுக்கே பேசினால் மாப்பிள்ளைக்கு வாரிசு தங்காது என்று பயம். இது இன்னொன்று.

மப்ரூகாவை அவர் கட்டிக்கொண்டபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. சரியான வாயாடி. முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. அது வழியாகத்தான் இவ்வளவு பேச்சும் வருகிறது என்று மர்ஸூக் சொல்வார். அவர் வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கட்டினால் அவளுக்குப் பொறுக்காது.

"பெரிய வீட்டு ஹாஜியோட அப்பன் எச்சில் கையால காக்கா ஓட்டமாட்டான். அவனைப் போயி மேகம்ங்கிறியே, வெக்கமா இல்ல உனக்கு?"

"மேகம்தான். பெய்யும்னு நான் சொல்லலியே."

அவர்கள் மகள் ரெப்ஹா பிறந்த அதே மாதத்தில் பெரிய வீட்டில் ஹாஜி பல்காசெமுக்குக் கடைசிப் பையன் ஹாதி பிறந்தான். ஹாஜிதான் ஸூவேலம் வகையறாவுக்குப் பெரிய தலை. பிள்ளையைப் பெற்றவள் காய்ச்சலில் போய்விட்டாள். ஆட்டுப்பால் ஒத்துக்கொள்ளாமல் பையன் பச்சையாகக் கக்கிக்கொண்டிருந்தான். மப்ரூகாவைக் கூட்டிவர ஆள் அனுப்பினார்கள். ஒரு பக்கம் தன் மகளுக்கும் மறுபக்கம் அவனுக்குமாகப் பதினான்கு மாதம் கொடுத்தாள். மார்க்கப்படி அவள் அவனுக்குத் தாய், ரெப்ஹா அவனுக்குச் சகோதரி. பேச்சு வந்ததும் ஹாதி அவளை 'மப்ரூகா' என்று பேர் சொல்லித்தான் கூப்பிட்டான். பெரிய வீட்டில் யாரும் அதைத் திருத்தவில்லை, இவளும் அதை எதிர்பார்க்கவில்லை.

மப்ரூகாவுக்குச் சர்க்கரை வியாதியில் முதலில் கால் போனது, பிறகு உயிரும் போனது. ஊருக்கு மேட்டில் ஒரு கபரஸ்தான் உண்டு. சுற்றி மதில், நடுவே வெள்ளைக் குவிமாடம். அது வெளுத்தவர்களுக்கு. கறுப்பர்களை மதிலுக்கு வெளியே, பள்ளத்தில், ஓடைக்கரையில் அடக்குவது வழக்கம். தொழுகையில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கலாம். மண்ணுக்குள் மட்டும் தள்ளிப் படுக்கவேண்டும். இதை எந்தக் கிதாபில் கண்டார்களோ தெரியாது.

மப்ரூகா போய் ஐந்தாவது வருஷம், அக்டோபரில், ஒரு வருஷத்து மழை ஒரே பகலில் கொட்டியது. பத்து வருஷமாகக் காய்ந்து கிடந்த ஓடை ஊரை முழுங்குகிற மாதிரி வந்து, கரையில் இருந்த பன்னிரண்டு கபர்களைப் பெயர்த்துக்கொண்டு போனது. வெள்ளம் வடிந்ததும் மர்ஸூக்கும் ஜும்ஆவும் மற்றவர்களும் சேற்றில் இறங்கித் தேடினார்கள். எந்த எலும்பு யாருடையது என்று எப்படிச் சொல்வது? ஜும்ஆவுக்குத் தன் அம்மாவை அடையாளம் தெரியவில்லை. மர்ஸூக்குக்குத் தெரிந்தது. அந்தப் பல் சந்தைப் பார்த்ததும் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கிடைத்ததைத் துணியில் சுற்றி, அப்போதைக்கு லிபியா ரோட்டோரம் மேடாக இருந்த இடத்தில் வரிசையாகப் புதைத்து, ஆளுக்கு ஒரு கல் நட்டார்கள். முன்னால் லிபியா பெட்ரோலைக் கேனில் வைத்து விற்கிற கொட்டகை, பின்னால் இவர்கள். மதிலுக்குள் பன்னிரண்டு பேருக்கு இடம் வேண்டும் என்று மர்ஸூக் ஹாஜியிடம் போய் நின்றார்.

"பாக்கலாம் மர்ஸூக், பாக்கலாம். இப்ப ஆலிவ் பறிக்கிற நேரம்" என்றார் ஹாஜி.

ஆலிவ் பறித்து, செக்கில் ஆட்டி, எண்ணெயும் விற்றாகிவிட்டது. அவர் பார்த்தபாடில்லை.

ரெப்ஹா காபெஸில் பள்ளிக்கூட ஆசிரியை. நிறத்தைச் சொல்லி ஏசினால் தண்டனை என்று சட்டம் வந்ததிலிருந்து அவளும் சில பேரும் சேர்ந்து ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பேசிவந்தார்கள். நன்றாகப் பேசுவாள், அம்மாவின் வாய். ஜனவரியில், அடிமை ஒழிந்த நாளில், சொந்த ஊரிலேயே கூட்டம் வைத்தாள்.

"நான் பேசினா 'நாலெழுத்துப் படிச்சதும் திமிரு'ம்பாங்க. நீ பாடு பாபா. உன் குரலுக்கு ஊரே வாயை மூடிக்கிட்டுக் கேக்கும். அம்மாவுக்காகக் கேளு. பன்னெண்டு பேருக்கும் கேளு."

"நான் யாரையும் ஏசிப் பாடினதில்லியேம்மா."

"ஏச வேணாம். புகழாம இரு, போதும். அப்புறம் 'ஸீதி' வரக்கூடாது."

ஸீதி என்றால் எஜமான். வெளுத்தவர்களில் பெரியவர்களை எங்கள் ஆட்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மர்ஸூக் ஒரு மாதம் அந்த வார்த்தை இல்லாமல் பாடிப் பழகினார். "அதை எடுத்துட்டா மூச்சு விடுற இடம் தெரியலடி" என்று மகளிடம் சொல்லிச் சிரித்தார்.

நகராட்சி மண்டபத்தில் கூட்டம். தலைநகரத்திலிருந்து கழுத்தில் பட்டுத்துணி சுற்றிய ரெண்டு பேர், மேசைக்கு மேசை தண்ணீர் பாட்டில், முன்வரிசையில் ஹாஜி பல்காசெமும் அவர் வகையறாவும். கறுப்பர்கள் வழக்கம்போலச் சுவரை ஒட்டி நின்றார்கள். நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. யாரும் உட்காராதே என்று சொல்லவுமில்லை. மர்ஸூக் எழுந்தார். மேளம் இல்லாமல், வெறும் குரலில் எடுத்தார்:

மண்ணுக்குள்ள போன பின்னும்
மதிலு எதுக்கு மக்களே?
வெள்ளம் வந்து கேட்டுப் போச்சு,
வேற யாரும் கேக்கல.

மண்டபம் அடங்கிப்போனது. பட்டுத்துணிக்காரர் எழுதுவதை நிறுத்தினார். ரெப்ஹா மேடை ஓரத்தில் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு அடி, பிறகு பெயர்கள், பிறகு கேட்கவேண்டியது. அப்போது முன்வரிசையில் ஹாஜி பல்காசெம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை உயர்த்தினார்.

"இன்னும் போடு, மர்ஸூக்!"

நாற்பத்தைந்து வருஷமாகக் கேட்ட குரல். மர்ஸூக்கின் புத்தி வேண்டாம் என்றது. வாய் அதற்குள் போய்விட்டது.

பல்காசெம் வாசலிலே
பசிச்ச வயிறு நின்னதில்ல,
ஸீதி வெச்ச மரத்து நெழல்
சேராத ஊரு எங்குமில்ல.

சபை குலுங்கியது. உடனே ஹாஜியின் தம்பி குரல் கொடுத்தார். அவருக்கு ஒன்று. மருமகன் கொடுத்தான், அவனுக்கு ஒன்று. விடமுடியுமா? ஒருவருக்குப் போட்டு இன்னொருவரை விட்டால் அது பெரிய பகை. பின்னால் பெண்கள் குலவையிட ஆரம்பித்தார்கள். மண்டபம் கல்யாண வீடாகிவிட்டது. அரைமணி நேரம் போனபிறகு நகராட்சித் தலைவர் மணியைப் பார்த்து, "இதுதான் நம்ம ஊர் ஒற்றுமை" என்று கூட்டத்தை முடித்துவைத்தார். கேட்கவேண்டியதைக் கேட்கவே இல்லை.

ஹாஜி அதை வேண்டுமென்றே செய்தாரா, பாசத்தில் செய்தாரா என்று ஊரில் இன்றுவரை இரண்டு கட்சி உண்டு. வித்தியாசம் என்ன இருக்கிறது? காரில் வீடு திரும்பும்போது ரெப்ஹா கேட்டாள்.

"ஏன் பாபா?"

"குரல் குடுத்தாங்கம்மா."

"குடுத்தா?"

"குடுத்தா விடக்கூடாது."

அவள் ஸ்டியரிங்கில் கையால் ஓங்கி அடித்தாள். அதற்குப் பிறகு மூன்று மாதம் ஊருக்கு வரவில்லை.

மர்ஸூக் வெட்கத்தில் வெந்துபோனார். ரோட்டோரத்துக் கபர் பக்கம் போகவே கால் வரவில்லை. அந்த ஜூலையில் ஹாதிக்குக் கல்யாணம் வைத்தார்கள். பெரிய வீட்டுக் கல்யாணம். ஜும்ஆவுக்குத் தலைகால் புரியவில்லை. மர்ஸூக் சரி என்றார். ஏழு பாட்டன்மாரை இந்தத் தடவை எப்படிச் சொல்லப்போகிறார் என்று ஜும்ஆவிடம்கூட மூச்சு விடவில்லை.

அஸர் தொழுகை முடிந்து வாசலில் சபை கூடியது. ஹாதி வெள்ளை அங்கியில் நடுவே நின்றான். மேளம் நின்றது. மர்ஸூக் எடுத்தார்:

ஹாதியின் தகப்பன் பல்காசெம்,
ஆலிவ் ஆயிரம் நட்டவர்;
ஆயிரத்துக்கும் தண்ணி சுமந்தது
என் அப்பன் ஸஅத்.

பல்காசெமின் தகப்பன் அம்மார்,
ஏழாள் ஆழக் கிணறு வெட்டினார்;
இறங்கித் தோண்டினது மெஸ்ஊத்,
ஏறி வரல.

ஹாஜியின் முகம் மாறியது. வாயைத் திறந்தார், பக்கத்தில் இருந்த அக்காள் அவர் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். மாப்பிள்ளைக்கு ஆகாதே! மர்ஸூக் மூன்றாவது பாட்டனுக்குப் போனார். அவர் மக்காவுக்கு நடந்து போனவர். 'பின்னால் மூட்டை சுமந்து நடந்தான் ஒருவன், அவன் பேரு' என்று பாடி, நிறுத்தினார். பெயர் இல்லை. ஒருவர் பெயர் சொல்கிற நேரம் அளவுக்குச் சும்மா நின்றுவிட்டு நான்காவதுக்குப் போனார். அங்கேயும் நிறுத்தினார். ஐந்து, ஆறு, ஏழு. ஒவ்வொன்றுக்கும் அதே வெறுமை. முந்நூறு பேர் நின்ற வாசலில் ஒட்டகம் அசைபோடுகிற சத்தம் கேட்டது. பிறகு மாப்பிள்ளையைப் பார்த்துத் திரும்பினார்:

இந்த மாப்பிள்ளைக்குத் தாய் ரெண்டு.
பெத்தவ மதிலுக்கு உள்ள,
பால் கொடுத்தவ மப்ரூகா
லாரி ரோட்டு ஓரத்துல.

ஹாதி தலையைக் குனிந்துகொண்டான். யாரும் பேசவில்லை. பேசலாம், பாட்டு முடிந்துவிட்டது, ஆனாலும் பேசவில்லை. கடைசியில் ஹாஜி, "மேளத்தை அடிங்கடா" என்றார். ஜும்ஆவின் முதல் அடி தாளம் தப்பி விழுந்தது.

அன்று மாட்டுக்கொட்டகைப் பக்கம் சாப்பாடு வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமைக் கல்யாணத்துக்கு மெதனீனிலிருந்து ஒலிபெருக்கிக்காரனை அழைத்துவிட்டார்கள். அதற்கடுத்ததுக்கும் அவன்தான்.

"நல்லாத்தான் பாடின. எங்கம்மா பேரையும் அதுல சேத்திருக்கலாம். நான் குறை சொல்லல. எனக்கு நாலு புள்ளைங்கண்ணே, நான் இனி யாரு வாசல்ல போயி மேளம் அடிக்க?" என்றான் ஜும்ஆ.



மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் ஹாஜி பல்காசெம் மர்ஸூக்கின் வீட்டுக்கே வந்தார். அதற்கு முன் அந்த வாசலை மிதித்ததே இல்லை. ஹாதி வெளியே காரை விட்டு இறங்கவில்லை. மர்ஸூக் அவசர அவசரமாகப் பாயை உதறிப் போட்டு, தேத்தண்ணி வைத்தார்.

"சபையில என்னை நிக்கவெச்சுத் தோலை உரிச்சிட்ட. போகட்டும். ஹாதி அன்னையிலருந்து சரியாச் சாப்பிடல" என்று ஹாஜி ஆரம்பித்தார். "மப்ரூகாவை உள்ள கொண்டாந்துரு. வடக்கு மூலையில எடம் இருக்கு. என் புள்ளைக்குப் பால் குடுத்தவ, அவளுக்கு அந்த உரிமை உண்டு. இமாம்கிட்டயும் பேசிட்டேன்."

மர்ஸூக் கெண்டியைக் கீழே வைத்தார். பத்து மாதமாக இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தார். வடக்கு மூலை அவருக்குத் தெரியும். அங்கே மதில் உயரம், காற்று அடிக்காது.

"மத்தவங்க, ஸீதி?"

"எந்த மத்தவங்க?"

"இன்னும் பதினோரு பேரு இருக்காங்க. ஜும்ஆவோட அம்மா எதுன்னே தெரியாம எல்லாரையும் ஒரே வரிசையிலதான் வெச்சிருக்கோம்."

"அவங்களுக்கும் எங்களுக்கும் என்னடா? ஒரு கையைக் குடுத்தா தோளைக் கேக்குற. இத பாரு, அவ உள்ள வரட்டும். அந்தப் பாட்டை மட்டும் இனி எந்தச் சபையிலயும் எடுக்காத. மேளத்துக்கு நானே ஆள் அனுப்பி எல்லாருகிட்டயும் சொல்றேன். பழையபடி கூப்பிடுவாங்க."

எல்லாம் கிடைக்கிறது. ஜும்ஆவுக்குப் பிழைப்பு, மப்ரூகாவுக்கு மதில். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லத்தான் நினைத்தார். ஆனால் அந்தப் பதினோரு பேரைச் சேற்றிலிருந்து எடுத்தது அவருடைய கைதான். துணியில் சுற்றும்போது அது யார் எலும்பு, இது யார் எலும்பு என்று தெரியாமல், ஒவ்வொன்றுக்கும் "இது நம்ம ஆளு" என்று ஜும்ஆவிடம் சொல்லிச் சொல்லித்தான் வைத்தார்.

"வேணாம், பல்காசெம்" என்றார்.

ஹாஜி கொஞ்சநேரம் அவரையே பார்த்தார். கோபம்கூட இல்லை, காது கேட்டதை நம்பாத மாதிரி ஒரு பார்வை. தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து போனார்.

மகளுக்குப் போன் போட்டுச் சொன்னார். மெச்சுவாள் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. ரெப்ஹா அழ ஆரம்பித்தாள்.

"யாரைக் கேட்டு வேணாம்னே? உள்ள எடம் குடுத்தாங்க, நீ எப்படி வேணாம்ப?"

"நீதானேம்மா மேடையில சொல்லுவ, எல்லாருக்கும் இல்லாதது யாருக்கும் வேணாம்னு?"

"மேடையில சொல்லுவேன் பாபா. இது எங்கம்மா."

போனை வைத்துவிட்டாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை என்றுதான் மர்ஸூக்குக்குப் பட்டது.

மறுநாள் வெயில் ஏறியபிறகு லிபியா ரோட்டுக்கு நடந்தார். பெட்ரோல்காரன் கேன்களுக்கு நடுவே தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். மர்ஸூக் கபர் ஓரமாகக் குந்தி உட்கார்ந்து ஃபாத்திஹா ஓதினார். பிறகு சொல்லவேண்டியதைச் சொன்னார்.

"மப்ரூகா, உள்ள எடம் கிடைச்சுது உனக்கு. வடக்கு மூலை. நான் வேணாம்னுட்டேன்."

வாயாடிக்கு ஏதாவது பதில் இருக்கும் என்று நினைத்தவர் மாதிரி காத்திருந்தார். உயிரோடு இருந்திருந்தால் கிழித்திருப்பாள். ஊராருக்கு நியாயம் பாக்குறவன் பொண்டாட்டியை ரோட்டுல போட்டான் என்று தெருவுக்கே கேட்கக் கத்தியிருப்பாள். அதைக் கேட்டால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கத்தியிருக்கமாட்டாளோ, ஜும்ஆவின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நகரமாட்டேன் என்று இருந்திருப்பாளோ என்றும் தோன்றியது. எது என்று அவருக்குத் தெரியவில்லை. முப்பது வருஷம் கூட வாழ்ந்தும் தெரியவில்லை.

"உன்னைக் கேக்காம சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோ" என்றார்.

எல்லைப் பக்கமிருந்து ஒரு லாரி தடதடவென்று போனது. புழுதி எழுந்து கற்களின்மேல் படிந்தது. மர்ஸூக் தோள்துண்டை எடுத்து ஒவ்வொரு கல்லாகத் துடைத்தார். அவளுடைய கல்லைத் துடைத்து, பிறகு யாருடையது என்று தெரியாத மற்றவற்றையும் துடைத்தார். கடைசிக் கல்லுக்கு வருவதற்குள் அடுத்த லாரி வந்துவிட்டது.